ஏஐ ஏஜென்ட்டுக்கு டூல் விவரம் எழுதுறீங்களா? சிதம்பரத்தில் பள்ளி தொடங்கிய ஆறுமுக நாவலரைத் தெரிஞ்சுக்கோங்க!

கடலூர் நகரத்துக்கு இரண்டு ரயில் நிலையங்கள். ஒன்று பழைய ஊர்ப் பக்கம் உள்ள கடலூர் துறைமுகம் சந்திப்பு. இன்னொன்று பேருந்து நிலையத்தை ஒட்டியிருக்கும் திருப்பாதிரிப்புலியூர். ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மஞ்சக்குப்பத்தில் வேலை என்றால் எங்கே இறங்கணும்னு அவங்களுக்குத் தெரியும். ஆனால் கடலூருக்கு ஒரு டிக்கெட் போடு என்று ஓர் ஏஐ ஏஜென்ட்டிடம் சொல்லிப் பாருங்க. அதன் கையில் இருக்கும் டூலின் விவரத்தில் ‘ரயில் நிலையத்தைத் தேடித் தரும்’ என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது என்றால், அது பெயரில் ‘கடலூர்’ இருக்கும் நிலையத்தைத்தான் எடுக்கும். நீங்கள் ராத்திரி நேரத்தில் தப்பான நிலையத்தில் இறங்கி ஆட்டோ தேடுவீர்கள்.

இங்கே ஏஜென்ட் முட்டாள் என்று திட்டுவது சுலபம். ஆனால் அதுக்குக் கொடுத்த விவரத்தில் ஒரு நகரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் இருக்கலாம், அப்படியிருந்தால் பயணியிடம் கேள் என்று எழுதாமல் விட்டது யார்? எழுதினவர்தானே!

திரும்பக் கேள்வி கேட்க முடியாத ஒரு வாசகருக்கு எழுதுவது எப்படி என்பது கம்ப்யூட்டரை விடப் பழைய பிரச்சினை. தமிழில் அந்தப் பிரச்சினையோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய ஒருவர் உண்டு. யாழ்ப்பாணம் நல்லூரில் பிறந்து, சிதம்பரத்தில் பள்ளி நடத்தி, மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரைக்கும் போன ஆறுமுக நாவலர். தற்காலத் தமிழ் உரைநடையின் தந்தை என்று பள்ளிப் பாடத்தில் ஒரு வரி படித்திருப்போம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் கதைதான் இது.

முதலில், டூல் விவரம்னா என்ன?

சாட்பாட் பதில் சொல்லும். ஏஜென்ட் வேலையும் செய்யும். டிக்கெட் போடும், மெயில் அனுப்பும், கோப்பைத் திறந்து திருத்தும். இதையெல்லாம் செய்ய நாம் அதுக்குச் சின்னச் சின்ன மென்பொருள் கருவிகளைக் கொடுக்கிறோம். ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், அது என்ன செய்யும் என்ற விவரம், அதுக்கு என்னென்ன உள்ளீடு வேணும் என்ற குறிப்பு. 2023 ஜூனில் ஓபன்ஏஐ ‘ஃபங்ஷன் காலிங்’ வசதியைக் கொண்டுவந்தபோதும் சரி, 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்ற பொது முறையை வெளியிட்டபோதும் சரி, அடிப்படை இதுதான். டூலுக்குள்ளே இருக்கும் கோடை ஏஜென்ட் பொதுவாகப் பார்ப்பதே இல்லை. அதன் கண்ணில் படுவது நாம் எழுதிய அந்த நாலு வரி மட்டும்.

ஓர் உதாரணம். பணம் திருப்பித் தரும் டூல் ஒன்றில் ‘தொகை’ என்று ஓர் உள்ளீடு. இந்தியாவில் பல பேமென்ட் ஏபிஐகள் தொகையை ரூபாயில் கேட்காது, பைசாவில் கேட்கும். விவரத்தில் ‘தொகை’ என்று மட்டும் எழுதியிருந்தால், 500 ரூபாய் திருப்பித் தரச் சொன்ன வாடிக்கையாளருக்கு ஏஜென்ட் 500 என்று அனுப்பும். போய்ச் சேருவது 5 ரூபாய். தேதியும் இப்படித்தான். 04/05 என்பது மே 4-ஆ, ஏப்ரல் 5-ஆ?

புதிதாகச் சேர்ந்த ஜூனியர் என்றால், சந்தேகம் வந்தால் பக்கத்து சீட்டில் கேட்பார். ஏஜென்ட்டுக்குப் பக்கத்து சீட் கிடையாது. இடைவெளி இருந்தால் தானாக நிரப்பிக்கொள்ளும், அதுவும் ரொம்ப நம்பிக்கையோடு.

ஆசிரியர் பக்கத்தில் இருந்த காலம்

ஆறுமுகம் 1822 டிசம்பர் 18 அன்று நல்லூரில் பிறந்தார். அப்பா கந்தப்பிள்ளை, அம்மா சிவகாமி. அப்பா தமிழ் படித்தவர், நாடகம் எழுதியவர். மகனுக்கு ஒன்பது வயது இருக்கும்போது அவர் ஒரு நாடகத்தைப் பாதியில் விட்டுவிட்டு இறந்துபோக, சிறுவன் அதை எழுதி முடித்தான் என்று ஒரு கதை சொல்வார்கள். பிறகு சேனாதிராய முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகியோரிடம் தமிழ் படித்தார்.

அந்தக் காலத்துப் படிப்பு எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். நூல் ஏட்டுச்சுவடியில் இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. காற்புள்ளி, முற்றுப்புள்ளி எதுவும் கிடையாது. மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளியைக்கூட, ஓலை கிழிந்துவிடும் என்று பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஒரே வரியை மூன்று விதமாகப் பிரிக்கலாம். ஆனாலும் யாருக்கும் பிரச்சினை இல்லை. ஏன்னா, சுவடியைத் தனியாக யாரும் படிக்கவில்லை. பக்கத்தில் ஆசிரியர் இருந்தார். எங்கே நிறுத்தணும், எப்படிப் பிரிக்கணும், என்ன பொருள் என்பதை அவர் வாயால் சொல்வார். இன்றைய ஐடி பாஷையில் சொன்னால், டாக்குமென்டேஷன் முழுக்க சீனியரின் தலைக்குள் இருந்தது!

அச்சு வந்ததும் இந்த ஏற்பாடு உடைந்தது. ஒரு புத்தகம் ஆயிரம் பிரதியாகிப் பல ஊர்களுக்குப் போகும். அத்தனை பேர் பக்கத்திலும் ஆசிரியரை உட்கார வைக்க முடியாது. புத்தகமே ஆசிரியராக வேண்டிய நிலை. இந்த மாற்றத்தைத் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் முதலில் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் கிறிஸ்தவ மிஷனரிகள்தான். பள்ளிக்கூடம், படிப்படியான பாடநூல், துண்டுப் பிரசுரம், வினா விடைப் புத்தகம் என்று ஒரு முழு அமைப்பே அவர்களிடம் இருந்தது.

ஆறுமுகம் அந்த அமைப்புக்குள்ளேயே போய்ச் சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் நடத்திய பள்ளியில் ஆங்கிலம் படித்து, 1841-ல் அங்கேயே ஆசிரியரும் ஆனார். அந்தப் பள்ளியின் தலைவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். பைபிளைத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலையில் பெர்சிவலுக்குத் துணை நின்ற தமிழ்ப் பண்டிதர் நம்ம ஆறுமுகம்தான். தீவிர சைவராக இருந்துகொண்டே, பல ஆண்டுகள், இன்னொரு சமயத்தின் வேத நூலை வரி வரியாகத் தமிழாக்கினார். வேலை முடிந்ததும் இருவரும் சென்னைக்குப் போய், மகாலிங்கையர் என்ற தமிழறிஞரிடம் அதைக் காட்டி ஒப்புதல் பெற்றார்கள் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. எழுதினவரே தனக்கு மார்க் போட்டுக்கொள்ளாமல் வெளியாள் ஒருவரிடம் கொடுத்துச் சோதிப்பது. டூல் விவரம் எழுதுபவர்கள் இன்றைக்கு இதைத்தான் ‘இவால்’ என்கிறார்கள். மொழிபெயர்ப்பு 1850-ல் அச்சாகி வெளிவந்தது.

என் கணிப்பில், நாவலரின் உரைநடைக்கு உண்மையான பயிற்சிக்களம் இந்த மொழிபெயர்ப்புதான். செய்யுள் மரபில் வந்த ஒருவர், அர்த்தம் துளியும் நழுவக்கூடாத ஒரு நூலை, முன்பின் தெரியாத வாசகருக்காக, வசனத்தில் எழுதிப் பழகினார். கற்ற வித்தையை அவர் எங்கே கொண்டுபோனார் என்பதுதான் சுவாரசியம்.

அச்சகம் வாங்கப் புறப்பட்டவர்

1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் ஆறுமுகம் முதல் சைவப் பிரசங்கம் செய்தார். அடுத்த ஆண்டே அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், மிஷன் வேலையையும் விட்டார். பள்ளி வந்துவிட்டது. பாடப்புத்தகம்? சைவப் பிள்ளைகளுக்கு என்று படிப்படியாக அமைந்த அச்சுப் பாடநூல் எதுவும் இல்லை. எழுதணும், அதை அச்சடிக்கவும் செய்யணும்.

1849-ல் மாணவர் சதாசிவப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அச்சு எந்திரம் வாங்கத் தமிழ்நாட்டுக்கு வந்தார். வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர் பேசியதைக் கேட்டு வியந்து கொடுத்த பட்டம்தான் ‘நாவலர்’. அப்போது அவருக்கு வயது 26. சென்னையில் இருந்த நாட்களிலேயே சூடாமணி நிகண்டு உரையையும் சௌந்தரியலகரி உரையையும் அச்சிட்டார். ஊர் திரும்பியதும் வித்தியாநுபாலன யந்திரசாலை என்ற பெயரில் அச்சகம் ஓட ஆரம்பித்தது. பின்னாளில் சென்னையிலும் இதே பெயரில் அச்சகம் நடத்தினார்.

அங்கிருந்து வந்தவைதான் பாலபாடங்கள். முதல் புத்தகம் 1850, இரண்டாவது 1851. எழுத்து, சொல், சின்ன வாக்கியம், பிறகு கொஞ்சம் பெரிய வாக்கியம் என்று படி ஏறும் அமைப்பு. பிறகு 1852-ல் பெரியபுராண வசனம். சேக்கிழார் சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் பெரியபுராணத்தில் நாலாயிரத்துக்கும் மேல் பாடல்கள். அதைப் பண்டிதர் துணையில்லாமல் யாரும் படித்துவிட முடியாது. நாவலர் அதை அப்படியே வசனமாக்கிக் கொடுத்தார். வீட்டில் ஒருத்தர் வாசிக்க, சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்கலாம்.

இதில் அவர் என்ன செய்தார்? மூன்று விஷயங்கள் கண்ணில் படுகின்றன. ஒன்று, கடினமான சந்திகளைப் பிரித்து எழுதினார். இரண்டு, ஆங்கில அச்சில் பார்த்த காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி, கேள்விக்குறிகளைத் தமிழ் உரைநடையில் முறையாகக் கையாண்ட முன்னோடி அவர். இன்றைக்கு நாம் வாட்ஸ்அப்பில் வீணடிக்கும் ஆச்சரியக்குறியில்கூட அவர் பங்கு உண்டு. ஆசிரியர் வாயால் சொன்ன நிறுத்தம், இப்போது காகிதத்தில் ஒரு குறியாக வந்து உட்கார்ந்தது. மூன்றாவதாக, ஆளுக்குத் தகுந்த மாதிரி நடையை மாற்றினார். பாலபாடத்தின் நடை வேறு, புலவர்களோடு சண்டை போடும் கண்டனங்களின் நடை வேறு.

அந்த நடையை இன்றைக்கு எடுத்துப் படித்தால் எளிமையாக இருக்குமா என்றால், இருக்காது. வடசொற்கள் நிறைய. வாக்கியங்கள் சில இடங்களில் நீளமாக ஓடும். ஆனால் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் வராது. எளிமை வேறு, தெளிவு வேறு. டூல் விவரத்தில் நமக்கு வேண்டியது முதலில் இரண்டாவதுதான்.

குருவைத் தூக்காத சீடர்கள்

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லாமல் போக மனசில்லை. நாவலர் பிறந்த அதே 1822-ல், லண்டனில் பாபிங்டன் என்பவர் ஒரு தமிழ்க் கதைப் புத்தகத்தை ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். நூறு ஆண்டுக்கு முன்னால் வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதை. நாம எல்லாரும் சின்ன வயசில் கேட்டதுதான்.

குரு குதிரையில் போகிறார். தலைப்பாகை கீழே விழுகிறது. சீடர்கள் எடுக்கவில்லை, ஏன்னா எடுக்கச் சொல்லவில்லை. எரிச்சலான குரு, விழுவதையெல்லாம் எடுக்கணும் என்கிறார். குதிரை சாணம் போட, அதையும் பயபக்தியோடு ஏந்துகிறார்கள். சரி என்று எதையெல்லாம் எடுக்க வேண்டும் என ஓலையில் பட்டியல் எழுதிக் கொடுக்கிறார். அடுத்து குருவே குதிரையோடு பள்ளத்தில் விழுகிறார். சீடர்கள் ஓலையைப் பிரித்துப் படித்துப் பட்டியலில் உள்ள துணிமணிகளை எல்லாம் ஒழுங்காக எடுத்துக்கொள்கிறார்கள். குரு மட்டும் பள்ளத்திலேயே கிடக்கிறார். அவர் பெயர் லிஸ்டில் இல்லையே!

முதல் தடவை விவரம் பத்தவில்லை. இரண்டாவது தடவை வரம்பே இல்லை. மூன்றாவது தடவை எல்லாத்தையும் எழுதிவிட்டு, எதற்காக எடுக்கிறோம் என்பதை எழுதவில்லை. ஏஜென்ட்டோடு மூன்று மாதம் வேலை பார்த்த எந்த டெவலப்பரும் இந்த மூன்று நிலையையும் தாண்டித்தான் வந்திருப்பார். மட்டியும் மடையனும் மோசமான சீடர்கள்தான், ஆனால் சொன்னதைச் செய்தவர்கள்.

நன்னூல் வைத்திருக்கும் பட்டியல்

நாவலரின் பணியில் டூல் எழுதுபவர்களுக்கு நேரடியாக உதவுவது ஒன்று உண்டென்றால் அது நன்னூல். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண நூல். நாவலர் இதன் விருத்தியுரையைப் பதிப்பித்தார், காண்டிகையுரையையும் வெளியிட்டார்.

நன்னூலின் தொடக்கத்தில், எழுத்து சொல் இலக்கணத்துக்குப் போவதற்கு முன்னாலேயே, ஒரு நூல் எப்படி இருக்கணும் என்று ஒரு பகுதி வரும். நூலுக்குப் பத்துக் குற்றங்கள், பத்து அழகுகள். குற்றப் பட்டியலை எடுத்துக்கொண்டு உங்கள் டீமின் டூல் விவரங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்க, அதிர்ச்சியாக இருக்கும்.

பைசா என்று எழுதாமல் விட்டோமே, அது குன்றக் கூறல். வேண்டியதைக் குறைத்துச் சொல்வது. அதுக்குப் பயந்து, கம்பெனி வரலாறு முதல் எல்லாவற்றையும் ஒரு டூல் விவரத்தில் கொட்டினால் மிகைபடக் கூறல். இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. ஏஜென்ட் ஒரே நேரத்தில் கவனத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய எழுத்தின் அளவுக்கு எல்லை உண்டு. ஐம்பது டூல்களின் விவரங்களே அந்த இடத்தை அடைத்துக்கொண்டால், பயனர் கேட்டதற்கு மிஞ்சும் இடம் குறையும், செலவும் ஏறும். பெயரில் ‘அழி’ என்று வைத்துவிட்டு, விவரத்தில் இது ஆவணத்தைக் காப்பகத்துக்கு நகர்த்தும் என்று எழுதினால் மாறுகொளக் கூறல். ‘தேடு’, ‘கண்டுபிடி’, ‘விவரம் எடு’ என்று மூன்று டூல்களை வைத்து எதை எப்போது அழைக்கணும் என்று சொல்லாவிட்டால் மயங்க வைத்தல். ஐந்தாவது ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது, மற்றொன்று விரித்தல். டிக்கெட் ரத்து செய்யும் டூலின் விவரத்தில், நம்ம ஆப்பில் டிக்கெட் எவ்வளவு சுலபமாகப் போடலாம் என்று விளம்பரம் எழுதுவது.

உரை எப்படி இருக்கணும் என்பதற்கும் அங்கே இலக்கணம் உண்டு. விரிவாகப் போவது விருத்தி. சுருக்கமாக, ஆனால் நூலின் பொருள் விளங்கும்படி சொல்வது காண்டிகை. காண்டிகைக்கு உறுப்புகள் கருத்து, சொற்பொருள், எடுத்துக்காட்டு. அதோடு வினாவும் விடையும் சேர்க்கலாம்.

இதை அப்படியே டூலுக்குக் கொண்டுவந்து பாருங்க. இந்த டூல் எதற்கு என்று ஒரு வரி. ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் பொருள், அதன் அலகு, வடிவம். ஒரு மாதிரி அழைப்பு: நிலையம் ‘டிடிபிஆர்’, தேதி ‘2025-05-04’. பிறகு ஏஜென்ட்டுக்கு எழக்கூடிய கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில். ஒரே ஊரில் இரண்டு நிலையம் வந்தால் என்ன செய்ய? பயனரிடம் கேள், நீயாகத் தேர்ந்தெடுக்காதே. ரயில் இல்லை என்று பதில் வந்தால்? வெறும் பட்டியல் என்றால் அன்று ரயில் இல்லை என்று பொருள், பிழை இல்லை, திரும்பத் திரும்ப அழைக்காதே. பேருந்து கேட்டால்? இந்த டூல் அதற்கில்லை. கடைசியாகச் சொன்ன ‘எதற்கு இல்லை’ என்பதைத்தான் நிறைய பேர் எழுத மறக்கிறார்கள்.

நாவலருக்கு வினா விடை வடிவத்தின் மேல் தனிப் பிரியம். சைவ வினாவிடை, இலக்கண வினாவிடை என்று எழுதினார். மிஷனரிகளின் வினா விடைப் புத்தகங்களில் பார்த்த வடிவத்தையே எடுத்து, அவர்களுக்கு எதிராகவே பயன்படுத்தினார். படிப்பவர் கேட்கப்போகும் கேள்வியை எழுதுபவர் முன்னாலேயே கேட்டுக்கொள்வது.

சிதம்பரத்தில் ஒரு பள்ளி

1864-ல் சிதம்பரத்தில் இன்னொரு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் பணம் திரட்டி, கடல் தாண்டி வந்து, சைவர்களுக்குக் கோயில் என்றாலே நினைவுக்கு வரும் ஊரில் பள்ளி. இந்தக் காலத்துக்குள் திருக்குறள் பரிமேலழகர் உரை, திருக்கோவையார் உரை என்று பெரிய பதிப்புகளும் வந்துவிட்டன. அவர் பரிசோதித்த தொல்காப்பியச் சேனாவரையம் 1868-ல் வந்தது. நாவலர் பதிப்பு என்றால் பிழை இருக்காது என்று படித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள். பிழைதிருத்தத்தில் அவ்வளவு பிடிவாதம். டூல் விவரத்தில் ஒரு எழுத்துப்பிழை என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள், உள்ளீட்டின் பெயரை ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு இடத்தில் வேறு மாதிரியும் எழுதிவிட்டு இரவு முழுக்க முழித்திருந்தவர்களிடம் கேட்கலாம்.

ஆனால் அந்தப் பிடிவாதத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. சிதம்பரத்திலேயே, தீட்சிதர்களின் நடைமுறைகள் ஆகமப்படி இல்லை என்று நாவலர் விமர்சித்தார். அவர்களுக்கு அவர் மேல் கோபம். அதே வட்டாரத்தில் இன்னொருவரும் புகழ் பெற்றுக்கொண்டிருந்தார்.

மஞ்சக்குப்பம்: ஒரு பெயருக்காக ஒரு வழக்கு

ராமலிங்க அடிகள், நாம் வள்ளலார் என்று சொல்பவர், 1823-ல் சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்தவர். நாவலரை விட ஒரு வயதுக்கும் குறைவாகவே இளையவர். 1867-ல் வடலூரில் சத்திய தருமச் சாலையைத் தொடங்கினார். அதே ஆண்டு அவருடைய பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் ‘திருவருட்பா’ என்று பெயரிட்டு, திருமுறைகளாகப் பகுத்து வெளியிட்டார்.

நாவலருக்கு அந்தப் பெயர்தான் பிரச்சினை. அருட்பா, திருமுறை என்பவை தேவாரம், திருவாசகம் போன்றவற்றுக்கு உரியவை, சமகாலத்தவர் ஒருவரின் பாடல்களுக்கு அதே பெயரை வைத்தால் படிப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைப்பார்கள் என்பது அவர் வாதம். போலியருட்பா மறுப்பு என்று கண்டனம் வந்தது. வள்ளலார் பக்கத்தில் இருந்தவர்களோ, அருள் என்ன ஒரு சிலருக்கு மட்டும் பட்டா போட்ட சொத்தா என்ற மாதிரி எதிர்த்தார்கள். ஒரே பெயரில் இரண்டு டூல் இருந்தால் ஏஜென்ட் தடுமாறும், அதற்காகத்தான் பெயருக்கு முன்னால் சர்வர் பெயரைச் சேர்த்துப் பிரிக்கிறோம். மனிதர்கள் விஷயத்தில் அப்படி ஒரு முன்னொட்டு போட்டுச் சமாதானம் ஆக முடியவில்லை.

1869-ல் சிதம்பரம் கோயிலில் நடந்த கூட்டத்தில் தன்னை இழிவாகப் பேசினார்கள் என்று நாவலர் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். எதிர்த் தரப்பில் தீட்சிதர்கள், கூடவே வள்ளலார். அங்கே நடந்ததை இரண்டு தரப்பும் இரண்டு விதமாகச் சொல்கின்றன. வள்ளலார் அன்பர்கள் சொல்லும் கதையில், அவர் உள்ளே நுழைந்ததும் வழக்குப் போட்ட நாவலரே எழுந்து நின்றார், வழக்கு தள்ளுபடியானது. நாவலர் தரப்பு சொல்லும் கதையில் அபராதம் வருகிறது, வெற்றி நாவலருக்கு. சண்டை இருவரின் மறைவுக்குப் பிறகும் ஓயவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மேடைகளில் அருட்பா மருட்பா விவாதம் நடந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. வள்ளலாரும் எளிய தமிழுக்காகப் பேர் வாங்கியவர். மனுமுறை கண்ட வாசகம் என்ற உரைநடை நூலை 1854-லேயே எழுதியவர். பாமர மக்கள் பாடும்படி பாடியவர். தமிழைச் சாதாரண வாசகரிடம் கொண்டுபோன இரண்டு பேர், ஒரே மாவட்டத்தில், ஒரே நீதிமன்றத்தில் எதிரெதிராக நின்றார்கள். நாவலர் வரையறையில் தெளிவாக இருந்தார். வள்ளலார் அந்த வரையறைக்குள் நிற்க மறுத்தார்.

வரையறை என்றதும் இன்னொன்றையும் சொல்லியாகணும். நாவலர் யாருக்காகத் தெளிவாக எழுதினார்? அவருடைய சைவம் சாதி ஒழுங்கை ஏற்றுக்கொண்ட சைவம். அவருடைய பள்ளிகள் அந்தக் காலத்துச் சாதி எல்லையைத் தாண்டவில்லை. இந்த விமர்சனம் அவர் மேல் இன்றுவரை வைக்கப்படுகிறது, அதில் நியாயம் இருக்கிறது. காற்புள்ளி வைத்து, சந்தி பிரித்து, தனியாக ஒருவர் படிக்கும்படி எழுதிய புத்தகம், அச்சான பிறகு யார் கைக்கும் போகலாம். பள்ளிக்கூட வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளையின் கைக்கும் ஒருநாள் போய்ச் சேரும். அவர் அதை உத்தேசித்தாரா என்பது வேறு கேள்வி.

கடைசி ஆண்டுகள்

பிறகு நாவலர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தார். 1872-ல் வண்ணார்பண்ணையில் ஆங்கிலப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பணம் இல்லாமல் சில ஆண்டுகளில் அதை மூட வேண்டியதாயிற்று. 1876–77 பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார், அரசு அதிபராக இருந்த துவைனம் துரையின் நிர்வாகத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். 1879-ல் சட்டசபைத் தமிழ்ப் பிரதிநிதி இடத்துக்குப் பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்துக் கூட்டம் போட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

1879 டிசம்பர் 5 அன்று, 57 வயது நிறைய இரண்டு வாரம்கூட இல்லாதபோது காலமானார். அச்சு எந்திரம் வாங்கக் கூடவே கப்பலேறி வந்தாரே சதாசிவப்பிள்ளை, அவர்தான் அச்சகத்தையும் பள்ளிகளையும் தொடர்ந்து பார்த்துக்கொண்டார். பாலபாடங்கள் மறுபதிப்பு மேல் மறுபதிப்பாக வந்துகொண்டே இருந்தன. சிதம்பரம் பள்ளி இன்று ஆறுமுக நாவலர் மேல்நிலைப் பள்ளி என்ற பெயரில் நடக்கிறது.